வீட்டாருக்காகத் தனித்து ஜெபிக்கும் பழக்கம்

ஜெபிக்கும்போது அறைக்குள் சென்று கதவைப் பூட்டிக்கொண்டு, அந்தரங்கத்தில் இருக்கிற பிதாவை நோக்கி விண்ணப்பம்பண்ணும்படி மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு கற்பித்தார். நம்மில் பலருடைய வீடுகளில் தனியறை கிடையாது. அது ஒரு தடையே அல்ல, ஏனெனில் அவரும் அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்தைத் தேடித்தான் போனார் (மாற்கு 1:35). மொட்டை மாடி, மற்றவர்கள் எழுமுன் சமையலறை, கட்டிலின் ஓரம் என எங்கேனும் ஓரிடத்தையும், அதிகாலையோ இரவோ உங்கள் வேலைக்கு ஏற்ற ஒரு நேரத்தையும் முடிவு செய்து, அவற்றை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 15 நிமிடம் போதும். கைப்பேசியை வேறொரு இடத்தில் வைத்துவிட்டு, அச்சிட்ட வேதாகமத்துடனும் ஒரு நோட்டுடனும் உட்காருங்கள்.

அமர்ந்தவுடன் விண்ணப்பங்களை அடுக்காமல், முதலில் ஒரு சங்கீதத்தை மெல்லிய குரலில் வாசித்து, மனதைத் தொட்ட வசனத்தையே ஜெபமாக்குங்கள். நன்றி சொல்ல 103-ஆம் சங்கீதமும், பாவ அறிக்கைக்கு 51-ஆம் சங்கீதமும் நல்ல துணை. பாவ அறிக்கையில் வீட்டாருக்கு எதிராகச் செய்தவற்றை விட்டுவிடக் கூடாது. மனைவிக்குரிய கனத்தைக் கொடுக்காத கணவனின் ஜெபம் தடைபடும் என்று பேதுரு வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார் (1 பேதுரு 3:7). ஆகவே, முந்தின நாள் மனைவியிடம் கடுஞ்சொல் பேசியிருந்தால், அவருக்காக ஜெபிப்பதோடு நில்லாமல், எழுந்துபோய் அவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

குடும்பத்துக்கான ஜெபத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப்படுவது, ஒவ்வொருவரையும் தனித்தனியே நினைப்பதாகும். யோபு தன் பிள்ளைகளின் விருந்து நாட்கள் முடிந்ததும் அதிகாலமே எழுந்து, அவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்காகவும் பலி செலுத்தினான் (யோபு 1:5). “என் குடும்பத்தை ஆசீர்வதியும்” என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், நோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, திங்கள் மூத்த மகள், செவ்வாய் மாமியார் என்று நாள் வகுத்துக்கொண்டால், ஒருவருக்காகச் சற்று நேரம் தங்கி ஜெபிக்க முடியும்.

எதைக் கேட்பது? தேர்வு, வேலை, திருமணம், சுகம் ஆகியவற்றைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் நம்முடைய விண்ணப்பங்கள் பெரும்பாலும் அவற்றோடு நின்றுவிடுகின்றன என்பதே என் கவலை. பவுல் கொலோசெயருக்காக ஏறெடுத்த விண்ணப்பத்தைப் பாருங்கள் (1:9-11): தேவசித்தத்தை அறிகிற அறிவும், சகலவித நற்கிரியைகளில் பலனும், சந்தோஷத்தோடே கூடிய பொறுமையும் அவர்களுக்கு உண்டாக வேண்டும் என்பதே அவர் கேட்டது. பிளஸ் டூ தேர்வு எழுதும் மகளுக்காக இதே பகுதியை எடுத்து இப்படி ஜெபிக்கலாம்: “பிதாவே, படித்தவை நினைவுக்கு வரும்படி உதவி செய்யும். மதிப்பெண் எப்படி வந்தாலும் உம்முடைய சித்தம் இன்னதென்று அறிகிற அறிவை அவளுக்குத் தாரும். தோழிகளோடு தன்னை ஒப்பிட்டுச் சோர்ந்துபோகாதபடி பொறுமையையும் சந்தோஷத்தையும் கொடும். அவளை அவசரப்படுத்தாதபடி என் நாவைக் காத்துக்கொள்ளும்.” அந்தப் பக்கத்தில் தேதியையும் வசனத்தையும் குறித்து வையுங்கள்.

இரவில் எல்லோரும் சேர்ந்து நடத்தும் குடும்ப ஜெபம் வேறு, இது வேறு. மகனின் குறையை அவன் காதில் விழும்படி ஜெபத்தில் சொல்லி அழுவது அவனுக்குப் பிரசங்கம் செய்வதே ஆகும். அது அவனை ஜெபத்தைவிட்டே விரட்டிவிடும். அந்தக் கண்ணீர் பூட்டிய கதவுக்குள் சிந்தப்பட வேண்டியது. குடும்ப ஜெபத்தில் அவனுக்காக நன்றி சொல்லுங்கள்.

பதில் தாமதிக்கும் காலம் பலருக்கும் நீண்டதாகவே இருக்கும். தாய் மோனிக்கா நெடுங்காலம் கண்ணீரோடு ஜெபித்த பிறகே, பின்னாளில் திருச்சபையின் பெரும் போதகரான அவருடைய மகன் அகுஸ்தீன், கி.பி. 387-இல் மிலான் நகரில் அதன் பேராயர் அம்புரோசின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில் அந்தத் தாய் மரித்தார். இயேசுவின் சகோதரர்கூட அவரை விசுவாசியாதிருந்தார்கள் (யோவான் 7:5). பின்னர் அதே சகோதரர் மேல்வீட்டில் சீஷரோடு ஒருமனமாய் ஜெபத்தில் தரித்திருந்ததை அப்போஸ்தலர் 1:14-இல் வாசிக்கிறோம்.

மரணமோ பெரும் சண்டையோ வீட்டைத் தாக்கிய நாட்களில் சொந்த வார்த்தைகள் வருவதில்லை. அப்போது கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு வரியாகச் சொல்லி, “தீமையினின்று இரட்சித்துக்கொள்ளும்” என்னுமிடத்தில் வீட்டாரின் பெயர்களை மட்டும் சொன்னால் போதும். இடையில் சில நாட்கள் விட்டுப்போனால், விட்டவற்றை ஈடுகட்ட முயலாமல், அன்றைய கிழமைக்குரிய பக்கத்தைத் திறந்து அந்தப் பெயரிலிருந்து தொடருங்கள்.