காப்பர் பெப்டைட் சீரம்: பக்கவிளைவு இல்லாமல் தொடங்குவது எப்படி?

முகத்தில் பூசும் சீரங்களில் சேர்க்கப்படும் காப்பர் பெப்டைட் (தாமிரம் சேர்ந்த சிறு புரதத் துண்டு) பொதுவாகச் சாதுவான பொருள்தான். தொல்லை வருவது பெரும்பாலும் அளவை மீறித் தடவுவதாலும், கூடவே பூசும் ஆசிட்களாலும்.

1. லேபிளைப் பாருங்கள்

‘காப்பர் டிரைபெப்டைட்-1’ என்ற பெயர் இருக்க வேண்டும். ஜிஎச்கே-சியு என்பதும் இதுதான். மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்து ஒரு தாமிர அயனியைப் பிடித்துவைத்திருக்கும். சீரத்தின் நீல நிறம் அந்தத் தாமிரத்தால் வருவது. சதவீதக் கணக்கில் மட்டும் ஏமாறாதீர்கள். 0.1% பெப்டைட் உள்ள கரைசலை 1% கலந்தால், சீரத்தில் இருப்பது 0.001% தான்.

2. யாருக்கு வேண்டாம்?

தாமிர ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே வேண்டாம். உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. திறந்த புண், வெயிலில் வெந்த தோல், கிளம்பியிருக்கும் எக்சிமா ஆகியவற்றின் மேலும் பூசாதீர்கள்.

3. பேட்ச் டெஸ்ட்

முழங்கையின் உட்புறத்தில் நாணய அளவு இடத்தில், தினமும் இரண்டு முறை, 7 முதல் 10 நாள் தடவுங்கள். ஒரே நாளில் முடித்துவிடக் கூடாது. ஒவ்வாமைத் தடிப்பு சில நாள் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு.

4. முகத்தில்

வாரத்துக்கு 2 இரவு, முகம் கழுவித் துடைத்தபின் 2–3 சொட்டு, அதன்மேல் மாய்ஸ்சரைசர். கண் இமையைத் தவிருங்கள். மூன்று வாரம் சிக்கல் இல்லையென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கலாம்.

5. எதோடு சேர்க்கக் கூடாது?

எல்-அஸ்கார்பிக் ஆசிட் வகை வைட்டமின் சி சீரம் முதல் எதிரி. அதன் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 3.5க்கும் கீழே இருக்கும். அந்த அமிலத்தில் பெப்டைட் தாமிரத்தை விட்டுவிடும். விடுபட்ட தாமிரமோ வைட்டமின் சியை வேகமாக ஆக்சிஜனேற்றம் செய்யும். ஆக, இரண்டும் வீண். வைட்டமின் சி காலையில், காப்பர் இரவில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தோலை உரியவைக்கக்கூடிய கிளைகாலிக், சாலிசிலிக் ஆசிட், ரெட்டினால் பூசும் இரவுகளில் காப்பருக்கு விடுமுறை. ஏற்கெனவே உரிந்த தோலில் எதைத் தடவினாலும் எரியும். பழி காப்பர் மேல் விழும்.

கோளாறு வந்தால்

தடவியதும் லேசான சுருக்கென்ற எரிச்சல் வந்து சில நிமிடத்தில் அடங்கினால், இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள். அரிப்பு, வீக்கம், தடிப்பு என்றால் உடனே கழுவிவிட்டு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாளில் தணியாவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள். முகமோ உதடோ வீங்கி மூச்சுத் திணறினால் அது அவசர சிகிச்சைக்குரியது.

அதிகம் பூசினால் தோல் தளர்ந்து சுருக்கம் கூடுகிறது என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். இதற்கு உறுதியான ஆய்வு ஆதாரம் இல்லை. அப்படித் தோன்றினால் அளவைக் குறைப்பதில் நஷ்டமும் இல்லை.

நீலம் மாறிப் பச்சையாகவோ பழுப்பாகவோ ஆன சீரத்தைத் தூக்கிப் போடுங்கள். டெர்மா ரோலர் (நுண்ணூசிகள் பதித்த உருளை) ஓட்டிய கையோடு இதைத் தடவாதீர்கள். மேலே பூசுவதற்கான சீரம் கிருமி நீக்கப்பட்ட ஊசி மருந்து அல்ல. ஊசித் துளை வழியே உள்ளே போனால் தொற்றோ கட்டியோ வரலாம். காப்பர் பெப்டைட் பவுடர் வாங்கி வீட்டிலேயே கரைத்து ஊசி போட்டுக்கொள்வது அதைவிட ஆபத்து.