பேன் போனாலும் ஈர் போகவில்லையா? நான் செய்து பார்த்த முறை

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளி திறந்த இரண்டே மாதத்தில் மூன்று முறை பேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒட்டிக்கொண்டு வருகிறாள் என்றே நினைத்தேன். நான் விட்டுவைத்த ஈர்தான் திரும்பத் திரும்பப் பொரித்திருக்கிறது.

வெயில் வெளிச்சத்தில் உட்காரவைத்து, பின்கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் வகிடு வகிடாகப் பிரித்துப் பாருங்கள். பொடுகு தட்டினால் உதிரும். ஈர் முடியில் பசை போட்டதுபோல் ஒட்டியிருக்கும், நகத்தால் உருவினால்தான் வரும்.

நான் தவறியது இங்கேதான். பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்ததை எல்லாம் தேடித்தேடி உருவினேன். அவை பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் கூடு. உயிருள்ள ஈர் மங்கிய பழுப்பு. கருமுடியில் சட்டென்று கண்ணில் படாது. மண்டையிலிருந்து சுமார் 6 மி.மீ.க்குள் பாருங்கள். முடி மாதத்துக்கு 1 செ.மீ. அளவு வளர்வதால், அதைவிடத் தள்ளி இருப்பது அநேகமாகப் பழையது.

சரி, சீவுவது. ஈரத் தலையில் கண்டிஷனர் தாராளமாகப் பூசிச் சிக்கெடுத்துவிட்டு, பேன் சீப்பை மண்டையில் பதித்து நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். பேன் எள்ளளவில் இருக்கும், கால் அசையும். ஸ்டீல் சீப்புதான் வாங்குங்கள். பிளாஸ்டிக் பல் வளைந்து ஈரை விட்டுவிடுகிறது.

அப்புறம் நாள் கணக்கு. ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள். குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பிடித்துவிட வேண்டும் என்பதால் மூன்று நாளுக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு வாரம் சீவுங்கள். 1% பெர்மெத்ரின் என்ற பேன் மருந்து போட்டாலும் ஈர் எல்லாம் சாகாது. 9-ஆம் நாள் வாக்கில் மறுபடி போட வேண்டும். கைக்குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும், தோலும் புண்ணாகும்.

பின்சேர்க்கை: மெத்தையை எறிய வேண்டுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தலையை விட்டு இறங்கிய பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். தலையணை உறை, துண்டு, சீப்பு ஆகியவற்றை வெந்நீரில் அலசினால் போதும்.

ஒருவர் மகளுக்கு மொட்டை போட்டுவிட்டதாக எழுதியிருந்தார். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை ஒட்டி விளையாடும்போது ஏறுகிறது, சுத்தமான தலையிலும்தான். குழந்தையைத் திட்டாதீர்கள். அவளோடு ஒரே பாயில் படுக்கும் எல்லோர் தலையையும் அன்றைக்கே பாருங்கள், உங்கள் தலை உட்பட.