ரிட்டர்ன் பக்கத்தில் நாம் செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சிறு வியாபாரிகளுக்கு இணையக் கடை அமைத்துக் கொடுப்பது என் வேலை. பாய், கருப்பட்டி, அல்வா, மண்பானை என்று பெரும்பாலும் நம் பக்கத்துச் சரக்குதான். போட்டோ எடுக்க மூன்று நாள் மெனக்கெடுவார்கள். வாங்கிய பொருளைத் திருப்புவதற்கான விதிகளைச் சொல்லும் ரிட்டர்ன் பக்கம் என்றதும், "அண்ணாச்சி, பெரிய கம்பெனிக்காரன் போட்டிருக்கதை அப்படியே எடுத்துப் போட்டுருங்க" என்பார்கள்.

முதல் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெரிய கம்பெனி வாசலுக்கே ஆள் அனுப்பிப் பொருளை எடுத்துக்கொள்ளும். நமக்கு அந்த வசதி கிடையாது. நம் ரிட்டர்ன் பக்கத்தில் 'இலவச பிக்கப்' என்று இருக்கும், வாங்கியவர் பார்சலைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார். உங்களால் முடிந்ததை மட்டும் எழுதுங்கள்: "ஸ்பீட் போஸ்டில் திருப்பி அனுப்புங்கள். தவறு எங்களுடையது என்றால் ரசீதைப் பார்த்து அந்தச் செலவைத் தருவோம். மனம் மாறித் திருப்பினால் செலவு உங்களுடையது."

அடுத்தது நாள் கணக்கு. பத்தமடைப் பாய் விற்கும் ஒருவர் "7 நாளுக்குள் திருப்பலாம்" என்று போட்டிருந்தார். 1ஆம் தேதி ஆர்டர். பார்சல் கைக்குப் போனது 8ஆம் தேதி. பிரித்துப் பார்த்தால் பாயின் ஓரத்துணி பிரிந்திருக்கிறது. இவர் ஆர்டர் தேதியிலிருந்து எண்ணுகிறார், வாங்கிய அம்மா பார்சல் கிடைத்த நாளிலிருந்து எண்ணுகிறார். எழுதியிருந்த வரிப்படி இரண்டுமே சரி! "பார்சல் கிடைத்த மறுநாளிலிருந்து 7 நாள். 10ஆம் தேதி கிடைத்தால் 17ஆம் தேதி இரவு வரை வாட்ஸ்அப்பில் சொன்னால் போதும்" என்று தேதி போட்டே எழுதியிருந்தால் இந்தச் சண்டைக்கு இடமில்லை. சொன்னால் போதுமா, பொருளும் அதற்குள் வந்து சேர வேண்டுமா என்பதும் அந்த வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று கடைப் பலகையில் பார்த்துப் பழகிய வரியை இணையத்துக்கும் கொண்டு வருகிறார்கள். பழுதான பொருளுக்கு இது செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் குறித்த காலத்துக்குள் பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாள். இணைய வணிகத்துக்கென 2020இல் வந்த விதிகளும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்கின்றன. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் அவ்விதிகளின்படி தெரிவித்தாக வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டியதில்லை. கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பெயரைச் சேர்த்து நெய்கிறார்கள். அதை இன்னொருவருக்கு விற்க முடியாது. நாள்கணக்கில் தறியில் உட்கார்ந்தவரின் உழைப்பு அது. "பெயர் நெய்த பாயை மனம் மாறித் திருப்ப முடியாது" என்பது நியாயமான விதி. ஆனால் அது ரிட்டர்ன் பக்கத்தின் அடியில் மட்டும் கிடந்தால் போதாது. பெயரைத் தட்டச்சு செய்யும் பெட்டிக்கு நேர் கீழே இருக்க வேண்டும். தறி ஏறுமுன் எழுத்துகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் நாம் எழுத்தைப் பிழையாக நெய்துவிட்டால் தவறு நம்முடையது, பாயும் நம்முடையது. அதையும் எழுதிவிடுங்கள்.

அல்வாவுக்கும் கருப்பட்டிக்கும் வேறு விதி வேண்டும். டப்பா உடைந்து நெய் கசிந்த அல்வாவைத் திருப்பி அனுப்பச் சொல்வதில் என்ன பயன்? போட்டோ பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுவதே முறை. பிரிக்கும்போதே வீடியோ எடுத்தால்தான் ஆயிற்று என்று சில கடைகள் கேட்கின்றன. தனியாக இருக்கும் ஆச்சி ஒரு கையில் கத்தரியும் ஒரு கையில் போனுமாக என்ன செய்வார்? எனக்கு அந்த விதி பிடிக்கவே இல்லை.

பணம் பற்றிய வரியில்தான் அதிகம் மழுப்புகிறோம். நான் ஒரு கடையில் வாங்கிய சட்டை அளவு சேரவில்லை. "ரீஃபண்ட் உண்டு" என்பதை நம்பித் திருப்பினேன். வந்தது பணமல்ல, அதே கடையில் மட்டும் செல்லும் கூப்பன். இரண்டு நாள் எரிச்சலாகவே இருந்தது. எத்தனை நாளில், எந்த வழியில் பணம் வரும் என்று சொல்லுங்கள். கேஷ் ஆன் டெலிவரியில் வாங்கியவருக்கு எப்படித் தருவீர்கள், யூபிஐயிலா, வங்கிக் கணக்கிலா? அதையும் சேருங்கள்.

புகார் கேட்பவரின் பெயரும் போன் எண்ணும் ரிட்டர்ன் பக்கத்தில் இருக்கட்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று அதே 2020 விதிகள் சொல்கின்றன.

விதியை மாற்றினால் தேதி போட்டு மாற்றுங்கள். ஐப்பசி அடைமழையில் கருப்பட்டி இளகுகிறது என்று புதிதாக ஒரு வரி சேர்த்தால், புரட்டாசியில் ஆர்டர் போட்டவருக்குப் பழைய விதிதான்.