தனியாகச் சமைப்பவரின் மளிகைக் கணக்கு

ஒருவருக்குச் சமைப்பதென்பது நால்வருக்குச் சமைப்பதில் கால் பங்கு வேலையும் அல்ல, கால் பங்கு செலவும் அல்ல. கடையில் உள்ள பொட்டலங்கள் பெரும்பாலும் குடும்பத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. சமையல் குறிப்புகளும் நான்கு பேருக்கென்றே எழுதப்படுகின்றன. ஒரு கட்டுக் கீரையை ஒரே ஆள் ஒரே வேளையில் தின்று தீர்ப்பது நடவாத காரியம். ஆகவே தனியாக வாழ்பவரின் பணம் இரண்டு வழிகளில் கசிகிறது. வாங்கி வைத்து, உண்ணாமலே குப்பைக்குப் போகும் பொருள் ஒன்று. வீட்டில் எல்லாம் இருந்தும் சமைக்கத் தெம்பில்லாத இரவில் வெளியிலிருந்து வரவழைக்கும் சாப்பாடு மற்றொன்று. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான ஏறத்தாழ 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளில்தான் வீணாகியிருக்கிறது. தோல், எலும்பு போன்றவற்றையும் சேர்த்துச் சராசரியாக ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 79 கிலோ. மலிவான கடையைத் தேடி அலைவதற்கு முன் இந்த இரண்டு கசிவுகளையும் அடைப்பதே முறை.

பெரிய பொட்டலமா, சிறிய பொட்டலமா

விலைச்சீட்டில் இருக்கும் தொகையைப் பார்க்காமல் கிராமுக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும் என்பது பலரும் அறிந்ததே. தனியாள் அதற்கும் ஒரு படி மேலே போய், தான் உண்ணப்போகும் கிராமுக்கு என்ன விலை என்று கணக்கிட வேண்டும். கால் கிலோ பொட்டலத்தை விட ஒரு கிலோ பொட்டலம் கிராமுக்கு 30 சதவீதம் மலிவு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிலோவில் 300 கிராம் கெட்டுப்போனால் கிடைத்த லாபம் முழுவதும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் எறியும் ஒவ்வொரு கிராமும் நஷ்டம். எத்தனை சதவீதம் தள்ளுபடியோ அத்தனை சதவீதம் வரைதான் வீணாகலாம் என்ற இந்த ஒரே கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால், ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற அறிவிப்புக்கு முன்னால் நின்று தடுமாற வேண்டியதில்லை.

இதிலிருந்து ஒரு பிரிவினை தானாகவே வருகிறது. அரிசி, பருப்பு, உலர்ந்த கடலை வகைகள், உப்பு, சர்க்கரை போன்றவை மாதக்கணக்கில் கெடாதவை. இவற்றைப் பெரிய அளவில் வாங்குவதில் தவறில்லை. பூச்சி வரும் என்ற அச்சம் இருந்தால், வாங்கியதும் பொட்டலத்தோடு நான்கைந்து நாள் ஃப்ரீசரில் வைத்தெடுத்து, முழுவதும் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் கொட்டினால் முட்டைகளும் வண்டுகளும் செத்துவிடும். எண்ணெயும் அரைத்த மசாலாப் பொடிகளும் உலர்ந்த பொருள்கள் போலத் தோன்றினாலும் அந்த வரிசையில் சேரா. திறந்த எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும், பொடி மணம் இழக்கும். இரண்டையும் சிறிய அளவிலேயே வாங்க வேண்டும். மிளகு, சீரகம் போன்றவற்றை முழுதாக வாங்கித் தேவைப்படும்போது இடித்துக்கொண்டால் நெடுநாள் மணம் மாறாது.

காய்கறியைப் பொறுத்தவரை, பையில் கட்டியதை விட உதிரியாகக் கிடைப்பது கிலோவுக்குச் சற்றே விலை கூடுதலாக இருந்தாலும் தனியாளுக்கு அதுவே சிக்கனம். இரண்டு கேரட், ஒரு குடைமிளகாய், நான்கு தக்காளி என்று எடுத்துத் தர வெட்கப்பட வேண்டியதில்லை. உறைய வைத்த பட்டாணியையும் பீன்ஸையும் தாழ்வாக நினைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அவை பறித்த சிறிது நேரத்திலேயே வெந்நீரில் முக்கி எடுத்து உறைய வைக்கப்படுவதால், சத்தில் கடையில் பல நாள் கிடந்த பச்சைக் காய்க்குக் குறைந்தவை அல்ல. ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்ப வைக்கலாம் என்பது ஒற்றை ஆளுக்குப் பெரிய வசதி.

டின்னில் வரும் கொண்டைக்கடலையின் விலையை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 400 கிராம் டின்னில் நீரை வடித்தால் தேறுவது சுமார் 240 கிராம். அது ஏறத்தாழ 100 கிராம் உலர்ந்த கடலைக்குச் சமம். ஆகவே டின் விலையை 100 கிராம் உலர்ந்த கடலையின் விலையோடுதான் ஒப்பிட வேண்டும். வேறுபாடு பெரும்பாலும் பல மடங்காக இருக்கும்.

கெடும் வரிசையில் சமையல்

வாரத்துக்கு ஏழு நாள் உணவுப் பட்டியல் போட்டு அதன்படி வாங்கும் முறையை நான் தனியாட்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. நண்பர் ஒருவர் வெளியே அழைத்தாலோ, ஒரு நாள் வேலை நீண்டாலோ பட்டியல் முழுவதும் சரிந்துவிடும். அதற்குப் பதிலாக, வாங்கிய காய்களை அவை கெடும் வரிசையில் அடுக்கிப் பார்த்தால் போதும். கீரை, காளான், கொத்தமல்லி போன்றவை முதல் இரண்டு நாளில் தீர வேண்டும். கத்திரிக்காய், பீன்ஸ், குடைமிளகாய் வாரத்தின் நடுப்பகுதிக்கு. முட்டைக்கோஸ், கேரட், வெட்டாத பூசணி, உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகியவை கடைசி நாள்களுக்கும், அடுத்த வாரத்துக்குமே கூடக் காத்திருக்கும். ஐந்து நாளுக்கான காயை மட்டும் வாங்கி மீதி இரண்டு நாளைக் காலியாக விட்டால், எதிர்பாராமல் நேரும் வெளிச்சாப்பாட்டுக்கு இடம் இருக்கும். நேராவிட்டால் முட்டையும் பருப்பும் இருக்கவே இருக்கின்றன.

வைக்கும் முறையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். கீரையைக் கழுவாமல், அழுகிய இலைகளைக் கிள்ளிவிட்டு, உலர்ந்த துணியிலோ தாளிலோ சுற்றி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இலைமேல் நிற்கும் ஈரம்தான் அதை அழுகச் செய்கிறது. கேரட், முள்ளங்கியின் தலையில் இலை இருந்தால் உடனே நறுக்கிவிட வேண்டும், இல்லையேல் அந்த இலை கிழங்கின் நீரை இழுத்து அதைத் தளரச் செய்யும். ஆப்பிள், வாழைப்பழம், பழுத்த தக்காளி ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை விடுவதால் அவற்றின் அருகில் வைத்த கீரை விரைவில் மஞ்சளாகிவிடும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் இருட்டான, காற்றோட்டமான இடத்தில் தனித்தனியே இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சையான உருளைக்கிழங்கில் சொலனின் என்ற நச்சு கூடுவதால் அதைத் தவிர்ப்பது நல்லது. ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைப்பது பலரும் செய்வது. ஆனால் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் ரொட்டியின் மாவுச்சத்து மிக வேகமாக இறுகுகிறது. இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டுமென்றால் துண்டு துண்டாக ஃப்ரீசரில் போட்டு, தேவையான துண்டை மட்டும் எடுத்து வாட்டிக்கொள்ளலாம்.

பொட்டலத்தில் அச்சிட்ட தேதியிலும் இருவகை உண்டு. ‘இந்தத் தேதிக்கு முன் பயன்படுத்துக’ என்பது பாதுகாப்பைப் பற்றியது, அதை மீறக் கூடாது. ‘இந்தத் தேதி வரை சிறந்தது’ என்பது சுவையையும் மொறுமொறுப்பையும் பற்றியது. அந்த நாள் கடந்த மறுநாளே உலர்ந்த பண்டத்தைத் தூக்கி எறியத் தேவையில்லை.

சமைத்து வைப்பது எதை

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பாத்திரம் நிறையக் குழம்பு வைத்துவிட்டு வியாழன் வரை அதையே உண்ணுவது சிக்கனம் போலத் தோன்றும். மூன்றாம் நாள் அதைப் பார்த்தாலே வெறுப்பு வரும். நான்காம் நாள் வெளியே சாப்பிடப் போவார்கள். மிச்சம் குப்பைக்குப் போகும். முடித்த உணவைச் சேர்த்து வைக்காமல், அரைவழி வந்த பொருளைச் சேர்த்து வைப்பது இதற்கு மாற்று.

உதாரணத்துக்குக் கால் கிலோ கொண்டைக்கடலையை எடுத்துக்கொள்வோம். இரவு ஊறவைத்து மறுநாள் குக்கரில் உப்பு மட்டும் போட்டு வேகவிட்டால் 550 முதல் 600 கிராம் வரை தேறும். ஒருவருக்கு நான்கு வேளைக்குப் போதும். மசாலா எதுவும் சேராததால் அது எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய நிலையில் இருக்கிறது. முதல் நாள் வெங்காயமும் தக்காளியும் வதக்கிய குழம்பில் ஒரு பங்கு. மறுநாள் நசுக்கி எலுமிச்சைச் சாறும் மிளகுத்தூளும் கலந்து ரொட்டிக்கு நடுவே ஒரு பங்கு. மீதி இரண்டையும் தட்டையான பைகளில் பரப்பி ஃப்ரீசரில் வைத்துவிட்டால், ஒரு வாரம் கழித்துக் கேரட்டோடு சூப்பாகவோ, சோற்றோடு வறுத்தோ உண்ணலாம். தட்டையாகப் பரப்புவதற்குக் காரணம் உண்டு: மெல்லிய பலகை போல உறைந்தது விரைவில் உருகும், வேண்டிய அளவு உடைத்தும் எடுக்கலாம். வெங்காயத்தையும் தக்காளியையும் மொத்தமாக வதக்கிச் சுண்டவைத்து, ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டிகளாக வைத்துக்கொள்வதும் இதே வகை. ஒருவர் சமையலில் நேரத்தையும் அடுப்பெரிப்பதையும் மிகுதியாக விழுங்குவது இந்த வதக்கும் வேலைதான்.

சிவப்பு ராஜ்மாவில் மட்டும் ஓர் எச்சரிக்கை. அதில் உள்ள லெக்டின் என்ற புரதம் சரியாக வேகாவிட்டால் கடும் வாந்தியை உண்டாக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்கவிட்ட பிறகே மெதுவாக வேகவிட வேண்டும். கொதிநிலையை எட்டாமல் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பானையில் அதை நேரடியாகப் போடக் கூடாது.

சோறு இன்னொரு வகை ஆபத்து. அரிசியில் இருக்கும் பாசிலஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நச்சை உண்டாக்குகின்றன, அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. எனவே மிச்சம் வைக்கப்போகும் சோற்றைப் பானையிலேயே விடாமல் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும். மற்ற சமைத்த உணவுக்கும் இரண்டு மணி நேரம்தான் எல்லை. ஃப்ரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழும் ஃப்ரீசர் -18 டிகிரியிலும் இருப்பது அவசியம். ஃப்ரிட்ஜில் வைத்த குழம்பு, காய் ஆகியவற்றை மூன்று நாளுக்குள் ஆவி பறக்கச் சூடாக்கி உண்டுவிடலாம். சோற்றை மறுநாளே முடித்துவிடுவது நல்லது, அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர்தான்.

அளவும் பாத்திரமும்

நால்வருக்கான குறிப்பை நான்கால் வகுத்தால் உணவு பெரும்பாலும் கெட்டுப்போகும். காரணம் எளிது: நீர் ஆவியாவது உணவின் அளவைப் பொறுத்ததன்று, பாத்திரத்தின் அகலத்தையும் நேரத்தையும் பொறுத்தது. அகலமான வாணலியில் கால் பங்குக் குழம்பு சட்டென்று சுண்டி அடிப்பிடிக்கும். 28 சென்டிமீட்டர் வாணலியின் பரப்பு 18 சென்டிமீட்டர் வாணலியைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அடியை நனைக்க ஊற்றும் எண்ணெயும் அத்தனை மடங்கு கூடும். தனியாள் புதிதாகப் பாத்திரம் வாங்குவதென்றால் மூடியோடு கூடிய சிறிய வாணலி ஒன்றும் இரண்டு அல்லது மூன்று லிட்டர் குக்கர் ஒன்றும் முதலில் வாங்க வேண்டியவை. மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு வேளைக்கு உலர்ந்த அரிசி 75 முதல் 100 கிராம் போதும்; வெந்தால் இரண்டரை மடங்குக்கு மேல் எடை கூடும். ஒரே டம்ளரை அளவுக்கென்று ஒதுக்கி, எந்தக் கோடு வரை நிரப்பினால் தனக்குச் சரியாக இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால் மிச்சச் சோறு என்ற பிரச்சினையே பாதி தீரும்.

இனி அந்தத் தெம்பில்லாத இரவு. கால் மணி நேரத்தில், ஒரே பாத்திரத்தில், காய் நறுக்காமல் செய்யக்கூடிய ஒரு சாப்பாட்டுக்கான பொருள்கள் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் ஒரு பங்கு சோறு, ஒரு கைப்பிடி உறைந்த பட்டாணி, இரண்டு முட்டை, வதக்கிய வெங்காயக் கட்டி ஒன்று என்றால் போதும்: கட்டியைச் சூடான வாணலியில் உருக்கி, பட்டாணியைப் போட்டு, சோற்றைச் சேர்த்து மூடி, ஆவியில் நன்றாகச் சூடேறியதும் முட்டையை உடைத்துக் கிளறினால் ஆயிற்று. இரண்டு முட்டையில் மட்டும் 12 கிராம் அளவுக்குப் புரதம் இருப்பதால் வயிறும் நிறையும். இந்தப் பொருள்கள் தீர்ந்தால் மறுநாளே நிரப்பிவிட வேண்டும். வேறு எது தீர்ந்தாலும் வார இறுதி வரை பொறுக்கலாம். தள்ளுபடிகளைத் துரத்தி ஒரு மாதத்தில் சேமிப்பதை ஓர் இரவின் வெளிச்சாப்பாடு தின்றுவிடும் என்பதால், வீட்டுச் சமையலறையில் மிகவும் லாபகரமான பொருள் இதுவே என்பது என் கணிப்பு.

கடைக்குப் போகும் பட்டியலை ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்த பிறகே எழுத வேண்டும். அதோடு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, எறிந்த பொருளையும் அளவையும் ஒரு மாதம் குறித்துவரலாம். அரைக் கட்டுக் கொத்தமல்லி, பாதி ரொட்டி, புளித்துப்போன தயிர் என்று அதில் பெரும்பாலும் மூன்று நான்கு பெயர்களே மீண்டும் மீண்டும் வரும். அவற்றை அடுத்த மாதம் பாதி அளவில் வாங்க வேண்டும், அல்லது வாங்கிய அன்றே பாதியை ஃப்ரீசரில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுக்காத பொருளாக இருந்தால் பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவரோடு பாதிக்குப் பாதி பங்கிட்டு வாங்கலாம்.