சீசன் நிறங்களையும் பிரின்ட்டுகளையும் நாமே கணிப்பது எப்படி? தொடக்கநிலைக்கான செய்முறை

ஒவ்வொரு சீசனுக்கு முன்னும் "இந்த ஆண்டின் பத்து நிறங்கள்" என்று பட்டியல்கள் வந்து குவிகின்றன. ஒன்றில் பழுப்பு இருக்கும், இன்னொன்றில் வெளிர்மஞ்சள், மூன்றாவதில் இரண்டுமே. எதை நம்பித் துணி எடுப்பது, எதை வைத்து டிசைன் போடுவது என்று புதிதாக வருகிறவர்கள் திணறிப்போகிறார்கள். பெண்கள் உடைகளில் ஒரு நிறமோ பிரின்ட்டோ ஏறிக்கொண்டிருக்கிறதா, உச்சத்தில் நிற்கிறதா, இறங்கத் தொடங்கிவிட்டதா என்பதை முறையாகப் பார்த்தால் யாராலும் சொல்ல முடியும். அதற்கு அபார ரசனை வேண்டியதில்லை, ஒப்பிடும் பழக்கம் வேண்டும். இந்த சீசனைத் தனியாகப் பார்க்காமல், சென்ற ஆண்டின் இதே சீசனைப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த ஒன்றைச் செய்வதற்கான வழிகள்தான்.

தேவையானவை: ஒரு நோட்டு, படங்களைச் சேமிக்க ஒரு போல்டர், கையில் கிடைக்கும் துணித்துண்டுகள் அல்லது ஒரு ஷேட் கார்டு (நிற மாதிரிகள் அச்சிட்ட அட்டை), பகல் வெளிச்சம் விழும் ஒரு ஜன்னல். பணம் கட்டிப் பார்க்கும் டிரெண்ட் அறிக்கைகள் இப்போதைக்கு வேண்டாம்.

படி 1: எந்த சீசன் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ் என்ற வரிசையில் ஆண்டுக்கு இரண்டு முறை பெண்கள் உடைகளுக்கான பெரிய ஷோக்கள் நடக்கின்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காட்டுவது அந்த ஆண்டின் இலையுதிர்-குளிர்கால உடைகள். செப்டம்பர், அக்டோபரில் காட்டுவது அடுத்த ஆண்டின் வசந்த-கோடை உடைகள். அதாவது, ஷோவுக்கும் கடைக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மாத இடைவெளி இருக்கிறது. உங்கள் கணிப்புக்கான காலமும் அதுதான்.

நிறம் பிறப்பது அதற்கும் வெகுநாள் முன்னால். 1963-இல் தொடங்கிய இன்டர்கலர் என்ற அமைப்பில் பல நாடுகளின் நிறக் குழுக்கள் கூடி, சீசனுக்குச் சுமார் இரண்டு ஆண்டு முன்பே நிறங்களைப் பேசி முடிக்கின்றன. பிளாரன்ஸில் நடக்கும் பிட்டி பிலாட்டி நூல் கண்காட்சியிலும், பாரிஸின் பிரிமியர் விஷன் துணிக் கண்காட்சியிலும் சுமார் ஓராண்டு முன்பே அந்த நிறங்கள் நூலாகவும் துணியாகவும் வந்துவிடும். ஒரே சமயத்தில் பல பிராண்டுகள் ஒரே மாதிரி நிறத்தைக் காட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவர்கள் பார்த்த நூலும் துணியும் ஒன்றே.

பூமியின் தென்பாதியில் பருவம் தலைகீழ் என்பதால், அங்கே விற்பவர்கள் ஆறு மாதத்தைக் கூட்டியோ குறைத்தோ கணக்கிட வேண்டும்.

படி 2: ஒரே பட்டியல், இரண்டு ஆண்டுகள்

உங்களுக்குப் பிடித்த பிராண்டுகளை மட்டும் எடுக்காதீர்கள். பெரிய பேஷன் ஹவுஸ்கள் சில, இளம் டிசைனர்கள் சிலர், எல்லோரும் வாங்கக்கூடிய விலையில் விற்கும் சங்கிலிக் கடைகள் சில என்று கலந்து பத்துப் பெயர்களைத் தேர்ந்தெடுத்து எழுதி வையுங்கள். அடுத்த சீசனுக்கும் இதே பத்துதான். பட்டியலை மாற்றினால் உங்கள் எண்ணிக்கைக்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

ஷோ படங்களைப் பார்க்கும்போது முழுத் தொகுப்பையும் பாருங்கள். "சிறந்த பத்து உடைகள்" போன்ற தொகுப்புகள் யாரோ ஒருவர் ஏற்கெனவே வடிகட்டியவை. அதில் பளிச்சென்ற நிறங்கள் கூடுதலாகவும், அமைதியான நிறங்கள் குறைவாகவும் தெரியும். அடுத்து, இதே பத்துப் பெயர்களின் சென்ற ஆண்டு இதே சீசன் தொகுப்பையும் எடுத்து வையுங்கள்.

வசந்தத்தை வசந்தத்தோடுதான் ஒப்பிட வேண்டும். இதைத் தவறவிட்டால் மற்றப் படிகள் எதுவும் பலன் தராது. ஒவ்வொரு வசந்தத்திலும் பூப்போட்ட துணி வரும், வெள்ளை வரும், வெளிர்நிறங்கள் வரும். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பழுப்பும் கட்டமும் அடர்பச்சையும் வரும். குளிர்காலத்தை அடுத்து வரும் வசந்தத் தொகுப்பைப் பார்த்து "பூக்கள் திரும்பிவிட்டன" என்று எழுதினால், அது டிரெண்ட் ஆகாது. நாட்காட்டி புரண்டிருக்கிறது, அவ்வளவே. சென்ற வசந்தத்தைவிட இந்த வசந்தத்தில் பூக்கள் கூடினவா, அவற்றின் அளவு மாறியதா, பின்னணி கறுத்ததா என்று கேட்கும்போதுதான் கணிப்பு தொடங்குகிறது.

படி 3: நிறத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

"சிவப்பு வந்திருக்கிறது" என்ற குறிப்பு யாருக்கும் உதவாது. ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: அடிப்படை நிறம் எது, அது வெளிறியதா அடர்ந்ததா, பளிச்சென்றதா மங்கியதா. பல சீசன்களில் மாறுவது அடிப்படை நிறமே அல்ல. பளிச்சென்ற பச்சை போய் மங்கிய பச்சை வரும். எல்லா நிறங்களுமே சேர்ந்தாற்போல மங்கவும் செய்யும். இந்த ஒட்டுமொத்த நகர்வைப் பிடித்துவிட்டால், தனித்தனி நிறத்தைக் கணிப்பதைவிட அதிகம் உதவும்.

நான்காவதாக, அது உடலில் எங்கே இருக்கிறது என்றும் எழுதுங்கள். பையிலும் காலணியிலும் மட்டுமா, மேலங்கியிலா, தலை முதல் கால் வரையா?

ஓர் உதாரணம். 2023 செப்டம்பரில் மிலனில் டிசைனர் சபாட்டோ டி சார்னோ, இத்தாலியின் கூச்சி நிறுவனத்துக்காகத் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். அது 2024 வசந்த-கோடைக்கான தொகுப்பு. ஆனால் அதில் திரும்பத் திரும்ப வந்தது அரக்குச் சாயல் கொண்ட ஓர் அடர்சிவப்பு. அன்கோரா என்று அதற்குப் பெயர் வைத்து, பை, காலணி, மேலங்கி என்று எல்லாவற்றிலும் கொண்டுவந்தார்கள். கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, அடர்சிவப்பு இயல்பாக இலையுதிர்காலத்து நிறம். அது வசந்தத் தொகுப்பில் தலைகாட்டினால் அந்த நிறத்துக்குப் பின்னால் வழக்கத்துக்கு மீறிய ஒரு தள்ளுதல் இருக்கிறது. இரண்டாவது, பையிலும் காலணியிலும் அது நின்ற இடம் வழக்கமாகக் கறுப்பு நிற்கும் இடம். 2024 இலையுதிர்காலத்துக்குள் பர்கண்டி என்ற இந்த வகை அடர்சிவப்பு எங்கும் பரவியது. என் கணிப்பில் அதற்கு வலுச் சேர்த்தது இந்த இரண்டாவது விஷயம்தான். கறுப்புக்குப் பதிலாக அணியக்கூடிய நிறம் ஒருவரின் அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் எல்லாவற்றோடும் சேரும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், 2022 மார்ச்சில் பாரிஸில் வாலன்டினோ நிறுவனம் காட்டிய பளிச்சென்ற இளஞ்சிவப்பைப் பாருங்கள். தொகுப்பின் பெரும்பகுதி தலை முதல் கால் வரை அந்த ஒரே நிறம். பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் அப்படி ஒரு நிறத்தை வாரத்தில் மூன்று நாள் உடுத்த முடியாது. கண்ணில் அறையும் நிறங்கள் வேகமாக ஏறி வேகமாக இறங்கும் என்று எடுத்துக்கொண்டு, அவற்றைக் குறைந்த அளவில், சீக்கிரம் விற்கக்கூடிய உருப்படிகளில் மட்டும் பயன்படுத்துவது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை: ஷோ மேடையின் விளக்கும் உங்கள் போன் திரையும் நிறத்தை மாற்றிக் காட்டும். திரையில் பார்த்ததை ஷேட் கார்டோடு ஒப்பிட்டு, கிட்டத்தட்ட எது என்று குறித்துக்கொள்ளுங்கள். துணியை ஜன்னல் வெளிச்சத்திலும் பாருங்கள், கடை விளக்கிலும் பாருங்கள். ஒரு விளக்கில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு துணிகள் வேறு விளக்கில் பிரிந்து தெரியும். சாயத் துறையில் இதை மெட்டாமெரிசம் என்பார்கள். அதனால்தான் சாயப்பட்டறைகளில் சுமார் 6500 கெல்வின் பகலொளி விளக்குப் பெட்டிக்குள் வைத்து ஷேடை ஒப்பிடுகிறார்கள்.

படி 4: பிரின்ட்டைக் கிட்டப்போய்ப் பாருங்கள்

பிரின்ட்டில் உருவத்தின் பெயரை எழுதினால் கணிப்பு அங்கேயே நின்றுவிடும். பூ, புள்ளி, கோடு, சிறுத்தைத் தோல் எல்லாம் ஒருநாளும் ஒழிந்துபோவதில்லை. கிறிஸ்டியன் டியோர் 1947-இல் காட்டிய தன் முதல் தொகுப்பிலேயே சிறுத்தை பிரின்ட் இருந்தது. 2024-இல் அது மறுபடியும் எல்லா இடத்திலும் தெரிந்தது. இடையிலும் எங்கேயும் போய்விடவில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியது, பழைய உருவம் இந்த முறை எப்படி மாறி வந்திருக்கிறது என்பது.

2025 வசந்த-கோடையில் பரவலாகப் பேசப்பட்ட போல்கா புள்ளியை எடுத்துக்கொள்வோம். புள்ளிபோட்ட மூன்று உடைகளின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்றில் மிளகளவுப் புள்ளிகள் நெருக்கமாக, வரிசை பிசகாமல் இருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் அது சாம்பல் நிறத் துணிபோலத் தெரியும், எனவே அலுவலகத்துக்கும் போகும். இன்னொன்றில் நாணயத்தளவுப் புள்ளிகள், நடுவே நிறைய வெற்றிடம். இது அறையின் மறுகோடியில் இருந்தே கண்ணில் படும். மூன்றாவதில் விளிம்பு ஒழுங்கில்லாமல், கையால் வைத்ததுபோல, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகச் சிதறியிருக்கும். மூன்றும் புள்ளிதான், ஆனால் உடுத்துகிறவர் வேறு, இடம் வேறு. "புள்ளி டிரெண்ட்" என்று ஒரே வரியில் எழுதியவர் இந்த மூன்றில் எதை வாங்குவது என்று சொல்லவே இல்லை.

எனவே ஒவ்வொரு பிரின்ட்டுக்கும் உருவம், அதன் அளவு, கிரவுண்ட் நிறம் (பின்னணி நிறம்), உருவங்கள் அடுக்கப்பட்ட விதம் என நான்கையும் எழுதுங்கள். நான்கில் கிரவுண்ட் நிறத்துக்குத்தான் நான் கூடுதல் மதிப்புத் தருவேன். வெள்ளைக் கிரவுண்டில் சிறுபூக்கள் இருந்தால் துணி இளமையாக, லேசாகத் தெரியும். அதே பூக்களைக் கறுப்பிலோ காப்பிப் பழுப்பிலோ போட்டால் சீசனே மாறிவிடும். பல பிராண்டுகளில் கிரவுண்ட் ஒரே திசையில் நகர்ந்தால் அது நம்பத்தக்க அறிகுறி.

துணி எப்படி அச்சானது என்பதும் உதவும். ஸ்கிரீன் பிரின்ட்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். உருளை வடிவ ஸ்கிரீனான ரோட்டரி ஸ்கிரீனின் வழக்கமான சுற்றளவு 64 செ.மீ., டிசைன் ரிப்பீட் (திரும்பத் திரும்ப வரும் ஓர் அலகு) அதற்குள் அடங்க வேண்டும். டிஜிட்டல் பிரின்ட்டிங்கில் இந்த இரண்டு கட்டுப்பாடும் இல்லை. போட்டோ போன்ற சாயல்களோடு ஒரு டிசைனைப் பார்த்தால், அதைக் குறைந்த அளவிலும் சீக்கிரம் அச்சிட முடியும் என்று புரிந்துகொள்ளுங்கள். அப்படிப்பட்ட பிரின்ட்டை மற்றவர்களும் சீக்கிரம் கொண்டுவருவார்கள், சந்தை விரைவில் நிரம்பும். நெசவிலேயே வரும் கட்டமும் கோடும் மெதுவாகவே பரவும்.

படி 5: மேடைக்கு வெளியே சரிபாருங்கள்

கூகுள் டிரெண்ட்ஸில் அந்த நிறத்தையோ பிரின்ட்டையோ உடையின் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள். அங்கே வரும் 0 முதல் 100 வரையான எண் தேடல்களின் எண்ணிக்கை அல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அளக்கிறார்கள். எப்போதும் ஐந்தாண்டுப் படத்தை எடுங்கள். ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் ஏறி இறங்கினால் அது பருவ வழக்கம். சென்ற ஆண்டு மேட்டைவிட இந்த ஆண்டு மேடு உயர்ந்திருந்தால்தான் உங்களுக்குச் செய்தி.

கடைகளின் இணையதளங்களில் இரண்டு பக்கங்களைப் பாருங்கள்: புதுவரவு, தள்ளுபடி. ஒரு நிறம் புதுவரவில் வந்து, நடுத்தர அளவுகள் முதலில் தீர்ந்திருந்தால் ஏறுமுகம். அதே நிறம் தள்ளுபடிப் பக்கத்தில் எல்லா அளவுகளிலும் தேங்கிக் கிடந்தால் இறங்குமுகம். சாக்ஸ், போன் உறை, நகப்பூச்சு வரை ஒரு பிரின்ட் வந்துவிட்டால் அது உச்சத்தில் இருக்கிறது, புதிதாக அதில் இறங்க வேண்டாம்.

நிறங்களுக்கு எண்ணிட்டு மாதிரி அட்டைகள் வெளியிடும் பான்டோன் நிறுவனத்தின் ஆண்டு நிறத்தை என்ன செய்வது? 2000 முதல் ஆண்டுக்கொரு நிறத்தை அறிவிக்கிறார்கள், வழக்கமாக முந்தைய டிசம்பரில். 2025-க்கு மோக்கா மூஸ் என்ற பழுப்பு. ஆனால் பழுப்பு 2024 இலையுதிர்காலத் தொகுப்புகளிலேயே நிறைய வந்துவிட்டது. எனவே அந்த அறிவிப்பை நீங்கள் ஏற்கெனவே எண்ணியதைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் எண்ணிக்கையில் இல்லாத நிறத்தை, அவர்கள் அறிவித்தார்கள் என்பதற்காகச் சேர்க்காதீர்கள்.

படி 6: தீர்ப்பை எழுதுங்கள்

ஐந்து நிறம், மூன்று பிரின்ட் போதும். ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு பதிவு:

*வெண்ணெய் மஞ்சள், வசந்த-கோடை. வெளிறியது, சற்று மங்கியது. பத்தில் எத்தனை பிராண்டுகள்: சென்ற ஆண்டு __, இந்த ஆண்டு __. எங்கே: மேல்சட்டை, முழுநீள உடை. எதன் இடத்தில்: வெள்ளை, கிரீம். தேடல்: ஏற்றம் / சமம் / இறக்கம். தள்ளுபடியில்: உண்டு / இல்லை. தீர்ப்பு: __. தேதி: __.*

பத்தில் இரண்டு மூன்று பிராண்டுகளில் தொடங்கி, இந்த ஆண்டு கூடியிருந்து, தள்ளுபடியில் இன்னும் காணப்படாவிட்டால் "வருகிறது". பாதிக்கு மேல் பிராண்டுகளில் இருந்து, சங்கிலிக் கடைகளின் அடிப்படை உருப்படிகளிலும் வந்துவிட்டால் "உச்சம்". எண்ணிக்கை குறைந்து தள்ளுபடியில் தேங்கினால் "இறங்குகிறது". ஒரே பிராண்டில் மட்டும் பெரிதாக வந்திருந்தால் அதைத் தீர்ப்பில் சேர்க்காமல் ஓரத்தில் குறித்து வையுங்கள், அடுத்த சீசனில் மற்றவர்கள் பின்தொடர்கிறார்களா என்று பார்க்கலாம்.

தேதியை விடாமல் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துத் தொகுப்பு கடைக்கு வரும்போது இதே பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் "நடந்தது" என்று ஒரு பத்தி போட்டு நிரப்புங்கள். நிறத்தில் தவறினீர்களா, அடர்த்தியில் தவறினீர்களா, காலத்தில் தவறினீர்களா என்று தனித்தனியாகக் குறியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு நிறம் சரியாக வரும், காலம்தான் முந்திவிடும். அப்படி இருந்தால் அடுத்த முறை "வருகிறது" என்று எழுதியவற்றுக்கு ஒரு சீசன் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள்.