ஆக்சிஜனோடு வீட்டுக்கு வரும் குறைமாதக் குழந்தை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கை கழுவிவிட்டுத் தொடுங்கள், சளி பிடித்தவரிடம் குழந்தையைக் கொடுக்காதீர்கள் என்பதையெல்லாம் வார்டிலேயே பலமுறை சொல்லித்தான் அனுப்புவார்கள். அதை இங்கே திரும்பச் சொல்லவில்லை. 28 வாரத்திலோ 30 வாரத்திலோ பிறந்து, தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ ஓசூர், சேலம் பக்கமோ வாரக்கணக்கில் வெண்டிலேட்டரிலும் ஆக்சிஜனிலும் இருந்து, மூக்குக் குழாயோடு வீடு வந்த குழந்தைக்கு நல்லது செய்வதாக நினைத்துக் குடும்பத்தார் செய்யும் தவறுகளைப் பற்றியே இது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உயிரைக் காப்பாற்றிய அதே வெண்டிலேட்டரும் ஆக்சிஜனும் முதிராத நுரையீரலில் காயத்தை விட்டுச் செல்கின்றன. இதைத்தான் டாக்டர்கள் பி.பி.டி. என்ற நாட்பட்ட நுரையீரல் நோய் என்பார்கள். அதற்கு நேரடி மருந்து கிடையாது. முதல் இரண்டு மூன்று வருடங்களில் புதிய காற்றறைகள் முளைத்துத்தான் நுரையீரல் தேறும். உடம்பு வளர்ந்தால் நுரையீரலும் வளரும், எடை நின்றால் அதுவும் நிற்கும்.

"நல்லாத்தானே இருக்கான்" என்று ஆக்சிஜனை நிறுத்துவது

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது, பார்க்கும்போதெல்லாம் கோபமும் வருகிறது. வழக்கமாக இப்படித்தான் நடக்கும். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். குழந்தை விழித்து விளையாடுகிறது, உதடு சிவப்பாக இருக்கிறது. குழாய் ஒட்டிய கன்னம் புண்ணாகிவிட்டது. சிலிண்டர் நிரப்பப் பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்கு வண்டி வைத்துக்கொண்டு போக வேண்டும். பக்கத்து வீட்டம்மா வந்து, "இதுக்கே பழகிப்போச்சுன்னா அப்புறம் மூச்சே விடாதும்மா" என்கிறார். அப்பா ஒருநாள் வால்வை மூடிப் பார்க்கிறார். பத்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து சிலிண்டர் மூலைக்குப் போகிறது. அடுத்த செக்கப்புக்குக் குழாய் இல்லாமல் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எடை போட்டால் ஒரு மாதத்தில் நூறு கிராம்கூட ஏறியிருக்காது.

கண்ணால் பார்க்கும் நிறத்தை நம்பியதுதான் இங்கே பிழை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 85 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கும்வரை உதட்டில் நீலம் தெரியாமல் போகலாம். மாநிற, கறுப்பு நிறக் குழந்தைகளிடம், அதுவும் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், கண்டுபிடிப்பது இன்னும் கடினம். விழித்திருக்கும்போது 95 காட்டும் குழந்தை பால் குடிக்கும்போது 88-க்கும், அயர்ந்து தூங்கும்போது அதற்குக் கீழும் போகும். நீங்கள் வால்வை மூடிப் பார்த்தது அது விழித்திருந்த பத்து நிமிடம்தான்.

அளவு குறையும்போது நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. சுருங்கிய குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலப்பக்கம் கூடுதலாக உழைக்கிறது. வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறிவிடும். இந்த நோயில் மிகவும் பயப்பட வேண்டியது அதற்குத்தான். கூடவே, மூச்சுவிடவே சக்தியெல்லாம் செலவாகி எடை நின்றுவிடும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, பாதியில் களைத்து விட்டுவிடுவது, ஒருநாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறவேண்டிய எடை ஏறாமல் போவது எல்லாம் நீலம் வருவதற்கு வெகு முன்பே வரும் அறிகுறிகள். இரண்டு மாதத்தில் விட்டிருக்கக்கூடிய ஆக்சிஜனை அவசரப்பட்டு நிறுத்தியதால் இன்னும் பல மாதம் வைக்கவேண்டி வருகிறது.

ஆக்சிஜன் பழக்கமாகிவிடும் என்பது சுத்தப் பொய். நுரையீரல் தேறியதும் அதைச் சிரமமில்லாமல் விட்டுவிடலாம். ஆனால் விடுவதற்கு முறை இருக்கிறது. எடை ஒழுங்காக ஏறுகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு கொடுக்கும் ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள், அல்லது பகலில் சில மணி நேரம் எடுத்துப் பார்ப்பார்கள். தூக்கத்திலும் பால் குடிக்கும்போதும் ரத்தத்தில் அளவு நிற்கிறதா என்று பதிவு செய்வார்கள். தேவைப்பட்டால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பார்கள். இரவு ஆக்சிஜனைக் கடைசியில்தான் நிறுத்துவார்கள். அதற்குப் பிறகும் ஒரு சளி வந்தால் சில நாள் திரும்ப வைக்கவேண்டி வரலாம் என்பதால் சிலிண்டரை உடனே திருப்பிக் கொடுக்காதீர்கள்.

இதே தவறின் சின்ன வடிவம், பால் கொடுக்கும்போது இடைஞ்சல் என்று குழாயைக் கழற்றுவது. ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும் நேரமே அதுதான்.

நிரப்பக் காசில்லாமல் நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வாடகை இயந்திரமோ திரும்ப அட்மிஷனோ, ஏதாவது வழி செய்ய முடியும். சொல்லாமல் நிறுத்தினால் யாராலும் உதவ முடியாது.

ஆக்சிஜன் அளவை நீங்களே கூட்டுவது

இதுவும் கூடாது. கண் விழித்திரை முதிராத குழந்தைக்கு அதிக ஆக்சிஜன் ஆபத்து. கூட்டினால்தான் நிற்கிறது என்றால் குழந்தைக்கு வேறு ஏதோ ஆகியிருக்கிறது, மருத்துவமனைக்குப் போங்கள்.

பெரியவர் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர்

அந்தக் கிளிப்பைக் குழந்தையின் கட்டைவிரலில் மாட்டி 70 என்று பார்த்து அலறுவதும், 99 என்று பார்த்து நிம்மதியடைவதும் ஒன்றுதான், இரண்டையும் நம்ப முடியாது. பாதத்தில் சுற்றி ஒட்டும் பச்சிளங்குழந்தை சென்சார் வேண்டும். குழந்தை காலை ஆட்டாமல், திரையில் அலை சீராக ஓடும்போது வரும் எண்ணை மட்டும் எடுங்கள். இதயத்துடிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். பொதுவாக 92, 93-க்குக் கீழே நிற்கக்கூடாது என்பார்கள். உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பதே உங்கள் குழந்தைக்கான எண்.

கரண்ட் இருக்கும் என்று நம்புவது

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் இயந்திரம் மின்சாரத்தில் ஓடுவது. 5 லிட்டர் இயந்திரம் சுமார் 350 வாட் இழுக்கும். 150 ஏ.எச். பேட்டரி உள்ள வீட்டு இன்வெர்ட்டர் அதை மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்தடை செய்யும் நாளில் என்ன செய்வீர்கள்? ஒரு பி டைப் சிலிண்டர், ரெகுலேட்டர் மாட்டி, சாவியோடு, எப்போதும் தயாராக இருக்க வேண்டும். நிறைந்த பி டைப்பில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு அரை லிட்டர் என்றால் 50 மணி நேரம், கால் லிட்டர் என்றால் 100 மணி நேரம். கசிவும் இருக்கும், அதனால் முள் கால்பங்குக்கு வரும்போதே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டும் ஃப்ளோமீட்டர் பெரியவர்களுக்கானது என்றால், அதில் 0.1, 0.2 என்ற கோடுகளே இருக்காது. குத்துமதிப்பாகத் திருகாதீர்கள், குழந்தைகளுக்கான குறைந்த அளவு ஃப்ளோமீட்டரைக் கேட்டு வாங்குங்கள். இயந்திரத்தின் பஞ்சு ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

சாம்பிராணி, விறகடுப்பு, கொசுவர்த்தி

தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணி காட்டாவிட்டால் சளி பிடிக்கும் என்று பாட்டி சொல்வார். காயம்பட்ட நுரையீரலுக்குப் புகையே சளியையும் இழுப்பையும் கொண்டுவரும். துணியால் துவட்டி, அம்மாவின் நெஞ்சோடு தோலோடு தோலாக வைத்துக்கொண்டாலே குழந்தை காய்ந்து சூடாகிவிடும். தளி, அஞ்செட்டிப் பக்கத்து மார்கழிக் குளிருக்கும் அதையே செய்யுங்கள், கரி மூட்டிய சட்டியை அறைக்குள் கொண்டுவராதீர்கள். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் நெருப்பு பற்றினால் நொடியில் பரவும். சாமி விளக்கு, அடுப்பு, பீடி எல்லாம் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளியே இருக்கட்டும். காய்ந்த மூக்குக்கு வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவுவதும் இதே காரணத்தால் கூடாது.

மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது

எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே போனால் கரையாது, நிமோனியாவாக உட்கார்ந்துகொள்ளும். நல்ல நுரையீரலுள்ள குழந்தைக்கே இது ஆபத்து. குளிப்பாட்ட வரும் அம்மாவிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வாயால் ஊதவும் வேண்டாம், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

தூளி

கழுத்து மடிந்து தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழாய் அடைபடும். சமதரையில், மல்லாக்க, தலையணை இல்லாமல்.

இருமல் மருந்து, வசம்பு, தேன்

ஒரு சொட்டுகூட வேண்டாம்.

சொட்டு மருந்தை லேபிள் பார்க்காமல் மாற்றுவது

விட்டமின் டி சொட்டு ஒரு மில்லிக்கு 400 யூனிட் உள்ளதும் வருகிறது, 800 உள்ளதும் வருகிறது. கடையில் வேறு கம்பெனி பாட்டில் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகலாம். நீர் பிரியும் மருந்தை ஸ்பூனில் ஊற்றாதீர்கள், ஒரு மில்லி சிரிஞ்சில் எடுங்கள்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது

பிறந்த தேதிக் கணக்கே கணக்கு. குறைமாதம் என்று கழிக்க வேண்டாம்.

கண் பரிசோதனை

பிறந்து 30 நாளுக்குள் முதல் விழித்திரைப் பரிசோதனை. மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்பே. அடுத்தடுத்த தேதிகளையும் விடக்கூடாது. பார்வை போனபின் திரும்பாது.

ஆபத்து வந்தபின் யோசிப்பது

தூங்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 60-க்கு மேல் போனாலோ, முன்பைவிடக் கூடியிருந்தாலோ, விலா உள்ளே குழிந்தாலோ, முனகல் வந்தாலோ அன்றே காட்ட வேண்டும். ஐந்து பத்து நொடி நிறுத்தி மீண்டும் மூச்சுவிடுவது குறைமாதக் குழந்தைகளிடம் சகஜம். 20 நொடி நின்றாலோ, நிறம் மாறினாலோ உள்ளங்காலைச் சுண்டுங்கள், முதுகைத் தேயுங்கள், குலுக்காதீர்கள். குழாய் கழன்றிருக்கிறதா, மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் மூச்சு வராவிட்டால் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்தில் இருக்கும் அளவு காற்றை மட்டும் மெல்ல ஊத வேண்டும். இதை டிஸ்சார்ஜுக்கு முன்பே நர்ஸிடம் கேட்டு, வீட்டில் இரண்டு பேராவது பழகிக்கொள்ளுங்கள்.

பைக்கில் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். 108-ல் ஆக்சிஜன் இருக்கும். அழைத்ததும் "ஆக்சிஜன்ல இருக்கற குறைமாசக் குழந்தை" என்று முதலிலேயே சொல்லுங்கள். சித்தேரி, அஞ்செட்டி மலைக் கிராமங்களுக்கு வண்டி ஏறிவர நேரமாகும் என்பதால், குழந்தை பால் குடிக்க மறுக்கும்போதே கூப்பிட்டுவிடுங்கள்.