ரெக்டெஸ்டில் முதல் பிட்காயின் பரிமாற்றம்: டெர்மினலிலிருந்து

பிட்காயின் அனுப்பிப் பழக நினைக்கும் பலரும் நேராக டெஸ்ட்நெட் என்ற பொதுச் சோதனை வலைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே சோதனைக் காசை இலவசமாகத் தரும் ஃபாசெட் தளங்களைத் தேடி அலைய வேண்டும், பிறகு பரிமாற்றங்களைப் பதியும் அடுத்த பிளாக் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். முதல் முறைக்கு ரெக்டெஸ்டே மேல். அது உங்கள் கணினிக்குள் மட்டுமே ஓடும் தனிச் சங்கிலி. பிளாக் வேண்டுமென்றால் நீங்களே நொடியில் உருவாக்கலாம்.

லினக்ஸில் பிட்காயின் கோர் என்ற மென்பொருளை நிறுவியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து, இங்கே சேர்ந்திருப்பது அங்கேயும் சேர்ந்தே.

முதலில், ஹோம் கோப்புறையில் உள்ள .பிட்காயின் என்ற மறைகோப்புறைக்குள் பிட்காயின்.கான்ஃப் என்று ஒரு கோப்பு. அதில் இரண்டே வரி:

ரெக்டெஸ்ட்=1
ஃபால்பேக்ஃபீ=0.0002

இரண்டாவது வரியை விட்டுவிட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டணத்தை மதிப்பிட, முந்தைய பிளாக்குகளின் நெரிசலைப் பார்க்கிறது மென்பொருள். காலிச் சங்கிலியில் பார்க்க என்ன இருக்கிறது? ‘ஃபீ எஸ்டிமேஷன் ஃபெயில்டு’ என்று நின்றுவிடும். நாம் எழுதிய எண்ணுக்கு, ஒரு விபைட்டுக்கு (பரிமாற்றத்தின் அளவை எண்ணும் அலகு) 20 சடோஷி (பிட்காயினின் பத்துக் கோடியில் ஒரு பங்கு) என்று பொருள். அதே கணினியில் நிஜப் பணம் உள்ள வாலட் இருந்தால் இந்தக் கோப்பைத் தொடாதீர்கள்; வேறு கோப்புறை அமைத்து, ஒவ்வொரு கட்டளையிலும் -டேட்டாடிர்=(அந்தக் கோப்புறை) என்று சேருங்கள்.

இனி நோடை, அதாவது பின்னணியில் சங்கிலியை ஓட்டும் நிரலை, கிளப்பி, ‘வீடு’, ‘கடை’ என்று இரண்டு வாலட்:

பிட்காயின்டி -டீமன்
பிட்காயின்-சிஎல்ஐ கிரியேட்வாலட் வீடு
பிட்காயின்-சிஎல்ஐ கிரியேட்வாலட் கடை

இரண்டு வாலட் திறந்திருப்பதால், எது என்று ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பிழை எண் -19 வரும். சொல்லும் இடமும் முக்கியம்: கட்டளைப் பெயருக்கு முன்னால்.

பிட்காயின்-சிஎல்ஐ -ஆர்பிசிவாலட்=வீடு கெட்நியூஅட்ரஸ்

வரும் முகவரி பிசிஆர்டி1 என்று தொடங்கினால் சரி. பிசி1 என்றால் நிஜ வலையில் நிற்கிறீர்கள்; உடனே நிறுத்துங்கள். அந்த முகவரிக்கு 101 பிளாக்:

பிட்காயின்-சிஎல்ஐ ஜெனரேட்டுஅட்ரஸ் 101 (வீட்டு முகவரி)

ஏன் 101? மைனிங்கில், அதாவது பிளாக்கை உருவாக்கியதற்குப் பரிசாகக் கிடைத்த காசை, அதன்மேல் இன்னும் 100 பிளாக் ஏறிய பிறகே செலவழிக்க முடியும். ஆகவே இப்போது முதல் பிளாக்கின் 50 பிட்காயின் மட்டுமே கைக்கு வந்திருக்கிறது. கெட்பேலன்சஸ் தட்டினால் மீதி 5000-உம் ‘இம்மெச்சூர்’ என்ற வரியில் தெரியும்.

கடை வாலட்டிலும் இதேபோல் ஒரு முகவரி எடுத்து 10 பிட்காயின் அனுப்புங்கள்:

பிட்காயின்-சிஎல்ஐ -ஆர்பிசிவாலட்=வீடு செண்ட்டுஅட்ரஸ் (கடை முகவரி) 10

64 எழுத்து நீளத்தில் ஒரு பரிமாற்ற எண் வரும். இப்போது வீட்டின் கெட்பேலன்ஸ் 39.99997180. ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டிச் சில்லறை வாங்குவதுபோலத்தான்: 50 முழுசாகச் செலவாகி, 10 கடைக்குப் போய், மிச்சம் வீட்டின் புது முகவரிக்குத் திரும்பியிருக்கிறது. லிஸ்ட்அன்ஸ்பென்ட் 0 தட்டினால் அந்தச் சில்லறை தெரியும்; 0 இல்லாவிட்டால் இன்னும் பிளாக்கில் ஏறாததை அது காட்டாது. குறைந்த 2820 சடோஷிதான் கட்டணம்: 141 விபைட் × 20.

கடையிலோ கெட்பேலன்ஸ் இன்னும் 0. பதற வேண்டாம். பரிமாற்றம் மெம்பூலில், அதாவது பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் வரிசையில், நிற்கிறது. கெட்ராமெம்பூல் அதைக் காட்டும். வீட்டு முகவரிக்கே இன்னொரு பிளாக் போட்டால் கடைக்கு 10 வந்து சேரும்.

கூடவே வீட்டின் இருப்பு 89.99997180-க்கு ஏறியிருக்கும். இதைப் பிழை என்று நினைப்பவர்கள் உண்டு. 102-வது பிளாக் வந்ததும் இரண்டாவது பிளாக்கின் 50 முதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த 2820 சடோஷியும் எங்கும் போகவில்லை. 102-வது பிளாக்கின் பரிசும் வீட்டுக்குத்தானே, அந்தப் பரிசோடு சேர்ந்து இம்மெச்சூரில் காத்திருக்கிறது. தொடர்ந்து பிளாக் போட்டால் 150-வதில் பரிசு 25 ஆகக் குறையும். ரெக்டெஸ்டில் பரிசு பாதியாவது 150 பிளாக்குக்கு ஒருமுறை.

‘குட் நாட் கனெக்ட்’ என்று வந்து, அதில் 8332 என்ற போர்ட் தெரிந்தால், கான்ஃப் கோப்பு படிக்கப்படவில்லை. ரெக்டெஸ்டின் போர்ட் 18443. நோடை மறுபடி கிளப்பிய பிறகு பிழை -18 வந்தால் லோட்வாலட் தட்டி வாலட்டைத் திறக்க வேண்டும்.

எல்லாம் குழம்பிவிட்டால் பிட்காயின்-சிஎல்ஐ ஸ்டாப் கொடுத்து, .பிட்காயினுக்குள் இருக்கும் ரெக்டெஸ்ட் கோப்புறையை மட்டும் அழித்துவிட்டு, பூஜ்ய பிளாக்கிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.